காஸியும் விசாகப்பட்டினமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசாகப்பட்டினம் போய்விட்டு வருகிறவர்கள் ஆர்.கே. கடற்கரையில் நிற்கும் நீர்மூழ்கிக் கப்பலோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் வருவதில்லை. படத்தைக் காட்டும்போது "இதுதான் காஸி, பாகிஸ்தான்காரன் கப்பல்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்தேன். எழுத எழுதக் கேள்விகள் கூடிக்கொண்டே போயின.

கடற்கரையில் நிற்பது காஸி இல்லையா?

இல்லை. அது ஐ.என்.எஸ். குர்சுரா, நம் கடற்படையின் சொந்தக் கப்பல். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் மூழ்கிய காஸி கடலுக்கு அடியில்தான் கிடக்கிறது, அதே ஊரின் துறைமுக வாசலுக்கு வெளியே. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தண்ணீர்தான்.

சரி, காஸி எந்தக் கப்பல்?

அமெரிக்காவின் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் கட்டிய கப்பல். 1944 டிசம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள். 1945 மார்ச்சில் 'டியாப்லோ' என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 95 மீட்டர். முன்னால் ஆறும் பின்னால் நான்குமாக, டார்பிடோ விடும் குழாய்கள் பத்து. 1964-ல் அமெரிக்கா இதைப் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. பெயர் காஸி ஆனது. தெற்காசியாவில் எந்த நாட்டுக் கடற்படையும் அதற்கு முன் நீர்மூழ்கி வைத்திருந்ததில்லை. இந்தியாவின் முதல் நீர்மூழ்கியான கல்வாரி கடற்படையில் சேர்ந்தது 1967 டிசம்பர் 8 அன்றுதான்.

1965 போரில் பாகிஸ்தானிடம் இருந்த ஒரே நீர்மூழ்கி காஸி. அப்போது பம்பாய்ப் பக்கம் சுற்றியது. அதன் பிறகு பழுதுபார்க்கத் துருக்கிக்குப் போயிற்று. சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்த காலம், ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. கடலில் கண்ணிவெடி போடும் வசதியைத் துருக்கியில்தான் அதற்குச் சேர்த்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கராச்சியிலிருந்து வங்காள விரிகுடா வரை ஏன் வந்தது?

விக்ராந்துக்காக. 1971-ல் இந்தியாவிடம் இருந்த ஒரே விமானம் தாங்கிக் கப்பல் அது. கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டால் விக்ராந்தின் விமானங்கள் சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களை அடித்து நொறுக்கும், கடல் வழியை அடைத்துவிடும் என்று பாகிஸ்தானுக்குத் தெரியும். அதைத் தடுக்க விக்ராந்தையே மூழ்கடிக்க வேண்டும். பிரான்சிலிருந்து வாங்கிய புதிய டாஃப்னே வகை நீர்மூழ்கிகள் பாகிஸ்தானிடம் இருந்தன, ஆனால் அவற்றால் அவ்வளவு தூரம் வந்து திரும்ப முடியாது. இலங்கையைச் சுற்றி வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்து பல நாள் காத்திருக்கக்கூடிய கப்பல் காஸி ஒன்றுதான். வயதான கப்பல், 26 வருஷம் ஓடியது. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினார்கள்.

1971 நவம்பர் 14 அன்று கமாண்டர் ஜாஃபர் முகமது கான் தலைமையில் கராச்சியை விட்டுக் கிளம்பியது. முதலில் மதராஸ் பக்கம் தேடியது. பிறகு, விக்ராந்த் விசாகப்பட்டினத்தில் நிற்பதாகத் தகவல் கிடைத்திருக்கிறது, அங்கே போ என்று கராச்சியிலிருந்து உத்தரவு வந்தது.

விக்ராந்த் அப்போது விசாகப்பட்டினத்தில் இருந்ததா?

இல்லை. இந்தக் கதையில் அந்த ஊருக்கு இருக்கிற பங்கே இதில்தான் அடங்கியிருக்கிறது.

விக்ராந்தின் ஒரு கொதிகலனில் விரிசல் விழுந்திருந்தது. முழு வேகத்தில் ஓட முடியாது. அப்படிப்பட்ட கப்பலை நீர்மூழ்கி கண்டுபிடித்துவிட்டால் தப்பிப்பது கஷ்டம். கிழக்குக் கடற்படைத் தலைமையகத்தின் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நவம்பர் நடுவிலேயே விக்ராந்தைக் கிழக்குக் கப்பற்படையோடு அந்தமானுக்கு அனுப்பி ஒளித்துவைத்துவிட்டார். ஒளித்துவைத்த இடத்துக்குச் சங்கேதப் பெயர் 'எக்ஸ்ரே துறைமுகம்'.

அனுப்பிவிட்டு, விக்ராந்த் இங்கேதான் இருக்கிறது என்று ஊரையே நம்பவைத்தார். விசாகப்பட்டினம் காண்டிராக்டர்களிடம் பெரிய கப்பற்படைக்கு வேண்டிய அளவுக்குக் கறியும் காய்கறியும் அரிசியும் வாங்கச் சொன்னார். கடைத்தெருவில் பேச்சு பரவும், எங்கேயோ ஓர் ஒற்றன் காதில் விழும் என்பது கணக்கு. மதராஸில் இருந்த கடற்படை அதிகாரியைச் சாதாரணத் தொலைபேசியிலேயே கூப்பிட்டு, விக்ராந்த் மதராஸுக்கு வருகிறது, நிறுத்த இடமும் சாமான்களும் தயாராக இருக்கட்டும் என்றார். போர் நேரத்தில் இப்படிப் போனில் பேசுகிறாரே, இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று அந்த அதிகாரி திகைத்துப்போனாராம்.

அடுத்தது ராஜ்புத். இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல், ஓய்வு கொடுக்கும் தறுவாயில் இருந்தது. அதைக் கடலுக்குள் அனுப்பி, விக்ராந்த் பேசுவதுபோல் வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேச வைத்தார்கள். அதில் ஒரு செய்தி எனக்கு மறக்கவே மறக்காது. ஒரு மாலுமி, உடம்பு சரியில்லாத தன் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டு ஊருக்குத் தந்தி கொடுக்கிறான். அதைச் சங்கேத மொழியில் மறைக்காமல் அப்படியே அனுப்பினார்கள். ஒட்டுக்கேட்கிறவனுக்கு அந்தத் தந்தி என்ன சொல்லும்? நூற்றுக்கணக்கான ஆட்கள் உள்ள பெரிய கப்பல் ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்று. எத்தனை சாமர்த்தியமான ராணுவச் செய்தியையும் விட அந்த அம்மாவின் பெயரால் போன தந்தி நம்பும்படி இருந்திருக்கும்.

காஸி வருகிறது என்று இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

எண்ணெயால். பாகிஸ்தான் கடற்படைத் தலைமையகம் சிட்டகாங்கில் இருந்த தன் அதிகாரியிடம் ஒரு குறிப்பிட்ட மசகெண்ணெய் பற்றி விசாரித்த செய்தி நம்மவர்கள் காதில் விழுந்தது. அந்த எண்ணெயை நீர்மூழ்கிகளும் கண்ணி அகற்றும் கப்பல்களும்தான் பயன்படுத்தும். சிட்டகாங் வரை வரக்கூடிய நீர்மூழ்கி என்றால் அது காஸிதான் என்று கிருஷ்ணன் முடிவு கட்டினார்.

இந்தக் கிருஷ்ணன் தமிழரா?

ஆமாம். நீலகண்ட கிருஷ்ணன், 1919-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பாரசீக வளைகுடாவில் சண்டையிட்டு பிரிட்டிஷ் அரசின் வீர விருது வாங்கியவர். நம் பள்ளிப் பாடங்களில் இவர் பெயர் வந்து நான் பார்த்ததில்லை. வரவேண்டிய பெயர்.

டிசம்பர் 3 இரவு என்ன நடந்தது?

அன்று மாலை இருட்டுவதற்குள் பாகிஸ்தான் விமானங்கள் மேற்கே நம் விமானத் தளங்களைத் தாக்கின. போர் தொடங்கிவிட்டது. விசாகப்பட்டினத்தில் ராஜ்புத் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தது. கப்பலின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங். நிரப்பி முடித்ததும் கிளம்பு, வாசலிலேயே நீர்மூழ்கி காத்திருக்கலாம், ஜாக்கிரதை என்று கிருஷ்ணன் அவருக்குச் சொல்லியிருந்தார்.

விசாகப்பட்டினம் துறைமுகத்தின் அமைப்பு தெரிந்தால் அந்த எச்சரிக்கையின் கனம் புரியும். உள் துறைமுகம் நிலத்துக்குள் இருக்கிறது. அதிலிருந்து கடலுக்குப் போக ஒரு குறுகிய கால்வாய்தான் வழி. தெற்கே டால்ஃபின் மூக்கு என்ற மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே இருக்கும் எந்தக் கப்பலும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். வளைக்கு வெளியே பூனை காத்திருப்பதுபோல ஒரு நீர்மூழ்கி அங்கே காத்திருக்க முடியும்.

நள்ளிரவுக்குச் சற்று முன் ராஜ்புத் புறப்பட்டது. விளக்குகளை அணைத்திருந்தார்கள். வாசலைத் தாண்டியதும் வழிகாட்டி மாலுமியை இறக்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில், முன்பக்கம் வலப்புறம் தண்ணீர் கலங்குவதைக் காவலில் இருந்தவன் பார்த்துச் சொன்னான். ஒரு நீர்மூழ்கி அப்போதுதான் முங்கியதுபோல இருந்தது. இந்தர் சிங் வேகத்தைக் கூட்டி அந்த இடத்துக்கு மேலேயே ஓட்டி, இரண்டு ஆழ்கடல் குண்டுகளைப் போட்டார். சில நிமிடம் கழித்து, 12.15 மணி அளவில், பெரிய வெடிச்சத்தம். கப்பல் குலுங்கியது. கரையில் வீடுகளின் ஜன்னல்கள் கிடுகிடுத்தன. தேடிப் பார்த்து எதுவும் தென்படாததால், ராஜ்புத் தனக்கிட்ட வேலையைப் பார்க்கக் கிழக்கே போய்விட்டது.

ஊர் மக்கள் பலருக்கு அந்தச் சத்தம்தான் காஸி பற்றிய முதல் செய்தி, காஸி என்ற பெயரே தெரியாமல் கேட்ட செய்தி.

மூழ்கியது காஸிதான் என்று யார் கண்டுபிடித்தார்கள்?

முதலில் மீனவர்கள். கடலில் எண்ணெய் படிந்திருந்ததையும் உடைசல்கள் மிதந்ததையும் அவர்கள்தான் பார்த்தார்கள். உயிர்காப்புச் சட்டை ஒன்றும் கிடைத்தது. பிறகு கடற்படையின் முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். அடியில் ஒரு நீர்மூழ்கி கிடந்தது. உள்ளிருந்து எடுத்த காகிதங்களை வைத்து அது காஸி என்று உறுதியானது. டிசம்பர் 9 அன்று இந்தியா உலகுக்கு அறிவித்தது.

கராச்சியில் அதற்கு முன்பே கவலை தொடங்கிவிட்டது. நவம்பர் 26 அன்று காஸியிடமிருந்து வர வேண்டிய தகவல் வரவில்லை. எத்தனை முறை கூப்பிட்டும் பதில் இல்லை.

ராஜ்புத் மூழ்கடித்ததா, தானாக வெடித்ததா?

மிகவும் சண்டை நடக்கும் கேள்வி இது. கோபப்படாமல் பேச வேண்டிய கேள்வியும்கூட.

ராஜ்புத்தின் குண்டுகளால்தான் மூழ்கியது என்பது இந்தியக் கடற்படை அன்று சொன்னது. வாசலில் போட்டுக்கொண்டிருந்த கண்ணிவெடியில் காஸியே மோதி வெடித்தது என்பது பாகிஸ்தான் தரப்பு. மூன்றாவதாக ஒன்று உண்டு. நீர்மூழ்கி தண்ணீருக்கு அடியில் ஓடுவது பேட்டரியில். அந்த ஈய-அமில பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதை உடனே வெளியேற்றாவிட்டால், காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே வெடிக்கும் நிலை வந்துவிடும். பழைய கப்பலில் அப்படி ஒரு வெடிப்பு ஏற்பட்டு, முன்பக்கம் வைத்திருந்த டார்பிடோக்களும் கண்ணிவெடிகளும் சேர்ந்து வெடித்திருக்கலாம் என்கிறார்கள். முன்பகுதி உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பிய்ந்திருந்தது என்று முக்குளித்தவர்கள் சொன்னதை இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இதை ஏற்கிறவர்களில் நம் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற மூத்த அதிகாரிகளும் உண்டு. அன்று கிழக்குப் பிராந்திய ராணுவத்தில் தலைமை அதிகாரியாக இருந்த ஜெனரல் ஜேக்கப், ராஜ்புத் கிளம்புவதற்கு முன்பே மீனவர்கள் உடைசல்களைக் கண்டதாகப் பின்னாளில் எழுதினார். காஸி தொடர்பான கோப்புகளை 1980-லேயே அழித்துவிட்டார்கள் என்ற செய்தி 2010-ல் பத்திரிகைகளில் வந்தது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். குண்டு காஸியைக் கொன்றதோ இல்லையோ, அந்த வாசலுக்கு அதை வரவழைத்தது விசாகப்பட்டினத்தில் விரித்த வலைதான். அங்கே இல்லாத விக்ராந்துக்காகத்தான் அது அங்கே காத்திருந்தது. இதை எந்தத் தரப்பும் மறுக்கவில்லை. கிருஷ்ணனின் பெருமைக்கு அது போதும். அதற்குமேல் அடித்துப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

சினிமாவில் இந்திய நீர்மூழ்கி ஒன்று காஸியை மூழ்கடிக்கிறதே?

அது கற்பனை. காஸி மூழ்கியதில் எந்த இந்திய நீர்மூழ்கிக்கும் பங்கில்லை.

எத்தனை பேர் இறந்தார்கள்? யாராவது பிழைத்தார்களா?

அதிகாரிகளும் மாலுமிகளுமாக 90-க்கும் மேற்பட்டோர். ஒருவரும் பிழைக்கவில்லை. பெரும்பாலோர் அந்தக் கப்பலுக்குள்ளேயே இன்னும் இருக்கிறார்கள். எதிரி நாட்டவர்தான், நம் கப்பலை அழிக்க வந்தவர்கள்தான். இருந்தாலும் அந்த இடம் ஒரு கல்லறை. ஐந்து நாள் கழித்து டிசம்பர் 9 இரவு, பாகிஸ்தானின் ஹங்கோர் என்ற நீர்மூழ்கி அரபிக்கடலில் நம் குக்ரி கப்பலை மூழ்கடித்தது. அதில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு வராமல் அதோடேயே போனார். குக்ரியை நினைத்துத் துக்கப்படும் நமக்குக் காஸியின் மாலுமிகளுக்காக வருத்தப்படவும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

காஸி போனதால் போரில் என்ன மாறியது?

விக்ராந்த் அச்சமில்லாமல் வெளியே வந்தது. டிசம்பர் 4 அன்றே அதன் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின, அப்புறம் சிட்டகாங். கிழக்கே கடல் வழி முழுக்க அடைபட்டது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணாகதி.

விசாகப்பட்டினம் கடலில் மூழ்கிய நீர்மூழ்கி காஸி மட்டும்தானா?

இல்லை, இது பலருக்கும் தெரியாது. 27 வருஷத்துக்கு முன்பே அங்கே இன்னொன்று மூழ்கியிருக்கிறது. ஜப்பானின் ஆர்.ஓ-110. பினாங்கிலிருந்து வந்தது. 1944 பிப்ரவரி 11 அன்று, கொழும்பிலிருந்து கல்கத்தா போய்க்கொண்டிருந்த கப்பல் கூட்டத்தில் ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை டார்பிடோவால் அடித்தது. காவலுக்கு வந்த ராயல் இந்தியக் கடற்படையின் ஜம்னாவும், ஆஸ்திரேலியாவின் லான்செஸ்டன், இப்ஸ்விச் கப்பல்களும் ஆழ்கடல் குண்டுகள் போட்டு அதை மூழ்கடித்தன. அதற்கும் முன்னால், 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்தின் மேல் குண்டு வீசியிருந்தன. 1933-ல் திறந்த புத்தம்புதுத் துறைமுகம் அது. திறந்து ஒன்பதே வருஷத்தில் போர் தேடிவந்துவிட்டது.

குர்சுராவுக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக இல்லை. 1971 போரில் குர்சுரா அரபிக்கடலில் ரோந்து சுற்றியது. ஆனால் அந்த வகை நீர்மூழ்கிகளுக்காகத்தான் விசாகப்பட்டினத்தில் வீர்பாகு என்ற நீர்மூழ்கித் தளம் 1971 மே மாதம் தொடங்கியது. சோவியத் நாட்டில் கட்டி 1969 டிசம்பரில் சேர்ந்த குர்சுரா, 31 வருஷம் ஓடி 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. கரையேற்றி 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

உள்ளே போங்கள், கட்டாயம் போங்கள். காஸி எப்படி இருந்திருக்கும் என்று புரிய வேறு வழியில்லை. வெளியே பார்த்தால் 91 மீட்டர் நீளம், பெரிய கப்பல். உள்ளே நுழைந்ததும் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வட்டமான ஓட்டைதான் வாசல். முதலில் ஒரு காலை உள்ளே வைத்து, தலையைக் குனிந்து, பிறகு அடுத்த காலை இழுத்துக்கொள்ள வேண்டும். என்னோடு வந்த அத்தை இரண்டாவது ஓட்டையிலேயே "இதுக்குள்ள எப்படிடா மாசக்கணக்கா இருந்தாங்க?" என்று நின்றுவிட்டார். தலைக்கு மேலே, பக்கவாட்டில், கால் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் குழாயும் வால்வும். டார்பிடோ அறையிலேயே படுக்கைகள். கை நீட்டினால் டார்பிடோ. எழுபத்தைந்து பேர் இதற்குள் வாழ்ந்திருக்கிறார்கள். சுற்றிக்காட்டுகிறவர்கள் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர்கள். அவர்களிடம் குளியல் பற்றிக் கேளுங்கள். நல்ல தண்ணீர் அளவாகத்தான் கிடைக்கும், குளிப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்பார்கள்.

திங்கட்கிழமை விடுமுறை. அதே சாலையில், 1971 வெற்றிக்காக 1996-ல் எழுப்பிய நினைவுச் சின்னம் இருக்கிறது.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் கப்பலோடு கரையிலிருந்து எப்படிப் பேசுவார்கள்?

சாதாரண வானொலி அலை கடல்நீருக்குள் போகாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் மட்டும் சில மீட்டர் ஆழம் வரை இறங்கும். காஸி காலத்தில் நீர்மூழ்கி எதையாவது சொல்ல வேண்டுமென்றால் மேலே வந்து ஆன்டெனாவை நீட்டித்தான் ஆகவேண்டும், அது ஆபத்து. இன்று நம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி போவது திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்திலிருந்து. ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம் அங்கே 1990-லிருந்து இயங்குகிறது. விசாகப்பட்டினத்திலிருந்து கிளம்பி ஆழத்தில் போகிற கப்பலுக்குச் செய்தி தென்கோடியிலிருந்து கிடைக்கிறது.

காஸியை ஏன் மேலே எடுக்கவில்லை?

அமெரிக்காவும் சோவியத் நாடும் தங்கள் செலவில் எடுத்துத் தருவதாகக் கேட்டன, இந்தியா மறுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். சமீபத்தில், 2024-ல், நம் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் காஸி கிடக்கும் இடத்தைக் கண்டறிந்ததாகச் செய்தி வந்தது. இறந்தவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடாமல் விட்டார்கள். அதுதான் சரி.

கரையிலிருந்து அந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

பார்க்க ஒன்றும் இருக்காது, தண்ணீர்தான். ஆனால் திசை தெரியும். குர்சுராவிலிருந்து இறங்கிக் கடலைப் பார்த்து நின்றால் வலதுகைப் பக்கம், தெற்கே, டால்ஃபின் மூக்கு மலை நீட்டிக்கொண்டிருக்கும். துறைமுகத்துக்குள் போக முறை வராத சரக்குக் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். சாயங்காலம் அவற்றில் விளக்கு ஏற்றுவார்கள். மலைக்கும் அந்த விளக்குகளுக்கும் இடைப்பட்ட கடலில்தான் காஸி இருக்கிறது.